குறையைச் சொல்லி விற்ற வண்டி

செங்கல்பட்டில் நாங்கள் மாடியில் குடியிருந்தபோது கீழ்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். தெருவே அவரை சிஸ்டர் என்று கூப்பிடும். நான் மட்டும் அக்கா என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய காரின் பின் கண்ணாடியில் நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. நீல மையில், படிப்பவருக்குச் சந்தேகமே வரக்கூடாது என்பது போல ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக எழுதியிருந்தார்.

"விற்பனைக்கு. டீசல் வண்டி. ஓடியது 1,68,000 கி.மீ. கிளட்ச் இன்னும் ஆறு மாதம் தாங்கலாம். மழை பெய்தால் பின்பக்க இடது கதவில் தண்ணீர் இறங்கும். ஏசி உண்டு, மேட்டில் ஏறும்போது அணைக்க வேண்டும். ஒருமுறை மாடு மோதி முன் பம்பர் மாற்றியது. விலை 1,80,000."

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சிஸ்டர், வாங்குங்கன்னு எழுதினீங்களா, வாங்காதீங்கன்னு எழுதினீங்களா?"

"வாங்கிக்கினு போனப்புறம் வாசல்ல வந்து கத்துவாங்கல்ல? கத்துறத இப்பவே கத்திட்டுப் போவட்டும்" என்றார் அக்கா, துணி உலர்த்திக்கொண்டே.

அவர் எப்போதும் அப்படித்தான். எங்களுக்கு அந்த வீட்டைக் காட்டியதே அவர்தான். வீட்டுச் சொந்தக்காரர் வெளியூரில் இருந்ததால் சாவியை அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் மற்றவர்கள் காற்று வரும் ஜன்னலைக் காட்டுவார்கள். அக்கா நேராகச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மேற்கூரையைக் காட்டினார்.

"மழை வந்தா இங்க ஒழுவும். ஒரு பக்கெட் வெச்சுக்கணும். சித்திரையில தண்ணி உப்பு கரிக்கும். எதிர்வூட்டு நாயி விடிய விடிய கொலைக்கும். மத்தபடி நல்ல வூடு."

எங்களுக்கு முன்னால் வந்த நான்கு குடும்பங்கள் அந்தப் பக்கெட் பேச்சிலேயே திரும்பிப் போய்விட்டன என்று வீட்டுச் சொந்தக்காரர் பிற்பாடு போனில் புலம்பினார். நாங்கள் குடி வந்தோம். ஒழுகியது. நாயும் குரைத்தது. ஆனால் எதுவும் எங்களை ஏமாற்றவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. செய்யூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர் நிலத்தில் நாற்று நட்டும் கடலை பறித்தும் இவரை நர்சிங் படிக்க வைத்தார்கள். கணவர் இறந்து பல வருஷம். ஒரே மகள், காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குச் செய்யூரைத் தாண்டி ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை. மகளின் படிப்புக்காக வீட்டைச் செங்கல்பட்டில் வைத்துக்கொண்டு, தினமும் காரில் போய் வந்தார். போக வர நூறு கிலோமீட்டர். ஏழு வருஷம் அப்படி ஓடிய வண்டி அது.

ஊசி போடும்போது வலிக்காது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "வலிக்கும். மூணு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பார். முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தால், "ரெண்டு முத்தலு. அத சாம்பார்ல போடாத" என்று சொல்லித்தான் கொடுப்பார். இதெல்லாம் கேட்கச் சுவையாக இருக்கும். நம்மிடமே அப்படி ஒன்றைச் சொல்லும்போதுதான் தாங்காது.

எனக்கு முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அடுத்தது நல்லபடியாக நிற்கும் என்றார்கள். அது ஒரு சடங்கு வார்த்தை என்று தெரிந்தும் ஆறுதலாக இருந்தது. அக்காவும் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நானேதான் கேட்டேன்.

"அடுத்தது நிக்கும்ல அக்கா?"

"நிக்கிறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. முக்காவாசி பேருக்கு நின்னுடுது. ஆனா நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இருபது நாள் அவருடன் பேசவில்லை. அந்த இருபது நாளும் சாயங்காலம் படியேறி வந்து, கதவருகே ஒரு தூக்கை வைத்துவிட்டு, "நீ கோவமா கீறேன்னு தெரியும். மீன் சூடா கீது, துண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். சொன்னதற்கு மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அந்தத் தாள் ஒட்டப்பட்டபோது நாங்களும் கார் தேடிக்கொண்டிருந்தோம். எனக்கு மாமல்லபுரத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை வேலை. என் வீட்டுக்காரர் அங்கேயே சிற்பக் கூடம் ஒன்றில் ஆர்டர், பில், பார்சல் எல்லாம் பார்த்தார். இருவரும் ஒரே பைக்கில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் வருவோம். அவருக்கு முதுகுத் தண்டில் டிஸ்க் விலகி, இனி பைக்கில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த இரண்டு நாளும் வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துவிட்டார். பழைய கார் ஒன்று வாங்குவது தவிர வேறு வழியில்லை. எங்களிடம் இருந்தது இரண்டு லட்சம். அதைத் தாண்டினால் என் நகையில் கை வைக்க வேண்டும்.

அக்காவின் வண்டி வாசலிலேயே நின்றாலும் என் வீட்டுக்காரர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒன்னே முக்கால் லட்சம் கிலோமீட்டரு ஓடுன வண்டிய எவனாவது வாங்குவானா? நெம்மேலி பக்கத்துல ஒரு பீச் வூட்ல ஒரு வண்டி கீதாம். ஒம்போது வருசத்துல முப்பத்தோராயிரம்தான் ஓடிக்கீது. மூணு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் குடுப்பாங்களாம்."

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மேல போவுதே?"

"கணக்குப் போட்டுப் பாரு. நாம தினம் அறுவது கிலோமீட்டரு ஓட்டுனாக்கூட, சிஸ்டர் வண்டி ஓடுன தூரத்த அது தொடறதுக்கு ஏழெட்டு வருசம் ஆவும். அந்த ஏழெட்டு வருசத்துக்குத்தான் அந்தத் துட்டு."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வளையல்களைக் கழற்றிப் பார்த்து, எதை வைப்பது, எதை விடுவது என்று நான் யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். இருந்தாலும் வண்டி பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது என்று தோன்றியது. தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். தன் வண்டியை விற்க வைத்திருப்பவரிடம் போய், வேறு வண்டியைப் பார்க்க வாருங்கள் என்று எப்படிக் கேட்பது? மென்று விழுங்கிக் கேட்டேன்.

"வரேன். சர்ச் முடிஞ்சு வந்துர்றேன்" என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

நெம்மேலிக்கு மூன்று பேரும் அவருடைய காரில்தான் போனோம். ஆனால் அவர் ஓட்டவில்லை, சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். சர்ச்சிலிருந்து வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பீச் வீட்டின் சொந்தக்காரர் சென்னையில் இருந்தார். ஒரு தரகர்தான் வண்டியைக் காட்டினார். வெள்ளை வண்டி, மேலே ஒரு கீறல் இல்லை. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பாதி பிரிக்காமல் இருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் கடல். வண்டியின் கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அண்ணாத்த, மீட்டரப் பாருங்க. முப்பத்தோராயிரம். இந்தக் காலத்துல இந்த மாதிரி வண்டி கெடைக்காது" என்றார் தரகர்.

"மீட்டரத் திருப்பி வெச்சிருப்பாங்களோ?" என்று நான் அக்காவின் காதில் கேட்டேன்.

அவர் கதவைத் திறந்து, கால் மிதிக்கும் ரப்பர்களை விரலால் தடவிப் பார்த்தார். ஸ்டீயரிங்கைத் தடவினார். "இல்ல. நெஜமாவே முப்பத்தோராயிரம்தான். ரப்பரு தேயவே இல்ல பாரு" என்றார். தரகரின் முகம் மலர்ந்தது. பிறகு அக்கா தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மணலில் விரித்தார். சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார்.

வெளியே வந்தவர் முந்தானையில் மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இன்ஜின் சத்தம் அருமையா கீது. ஏசி நல்லா கீது. அடியில மட்டும் உப்புக் காத்து துண்ணுக்கினு கீது. டிரைவர் சீட்டுக்குக் கீழ தகரத்துல விரலு உள்ள போவுது. டயரு பாக்க புதுசு மாதிரி கீது, ஆனா வண்டியோட வந்த டயரு. ஓரமெல்லாம் வெடிச்சுப் போய்க்கீது."

"ஏம்மா, வண்டி பாக்க வந்தீங்களா, வண்டி விக்க வந்தீங்களா?" தரகர், நாங்கள் வந்த காரின் கண்ணாடியில் இருந்த தாளைப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கேட்டார்.

"ரெண்டுக்கும்தான்" என்றார் அக்கா. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அவரு கேக்குறது கரெக்ட். எனக்கு என் வண்டி விக்கணும். அதனால என் பேச்ச மட்டும் நம்பாத தம்பி. ஒரு மெக்கானிக்க இட்டாந்து ரெண்டையும் காட்டு."

என் வீட்டுக்காரர் மனசில் இருந்த சந்தேகமும் அதுதான். அதை அக்காவே எடுத்து வெளியில் வைத்துவிட்டார்.

மறுநாள் என் வீட்டுக்காரர் செங்கல்பட்டு பைபாஸில் கடை வைத்திருந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனார். கடற்கரை வண்டியின் அடித்தகட்டை மெக்கானிக் ஸ்குரூ டிரைவரால் தட்டினார். துரு பொலபொலவென்று கொட்டியது. "வெல்டிங் போட்டுக்கலாம். ஆனா உப்பு புடிச்ச தகரம், ரெண்டு வருசத்துல திரும்ப வரும். டயரு நாலு, பெல்ட்டு, ஓசுங்க எல்லாம் மாத்தணும். நின்னே கெட்ட வண்டிங்க இது" என்றார். சாயங்காலம் அக்காவின் வண்டியை ஓட்டிப் பார்த்தார். பழைய ஓ.பி. சீட்டுகளைப் போல வரிசையாகக் குத்தி வைத்திருந்த சர்வீஸ் பில்களைப் புரட்டினார். "நேர் ரோட்டுல ஒரே சீரா ஓடுன வண்டி. டவுனுக்குள்ள கியரு போட்டுப் போட்டு இழுத்தது இல்ல. கிளட்ச் ஆறு மாசம் இல்ல, ஒரு வருசம் வரும்" என்றார்.

அன்றே என் வீட்டுக்காரர் கீழே இறங்கிப்போய் பேரத்தைத் தொடங்கினார். நானும் போனேன்.

"சிஸ்டர், ஒன்னு அறுவதுன்னு முடிச்சுக்கலாமா? கிளட்ச் மாத்தணும், கதவுல தண்ணி எறங்குது..."

அக்கா தலையை ஆட்டினார். "தம்பி, அந்தக் குறையெல்லாம் பாத்துத்தான் ஒன்னு எம்பதுன்னு எழுதினேன். சொன்ன குறைக்கே மறுபடியும் குறைச்சா, நான் சொன்னதுக்கு எனக்கே ஃபைன் போடுற மாதிரி ஆவுதே."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று எண்பதுக்கே ஒத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"எல்லாக் குறையும் எழுதினீங்க. ஏன் விக்கிறீங்கன்னு மட்டும் எழுதலயே?"

"அது வண்டியோட குறை இல்ல. என்னோடது."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. மகள் போய் அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். அக்கா தன் இடது கண்ணுக்கு அருகே கையை நீட்டி, விரல்களை ஆட்டினார்.

"இங்க தெரியல. கண்ணுல பிரஷராம். ஓரப் பார்வ கொஞ்சம் கொஞ்சமா பூட்ச்சு. மருந்து ஊத்தினா இருக்கறது நிக்கும், போனது வராதாம். மதுராந்தகம் தாண்டி ஒரு பெரியவரு சைக்கிள்ல வந்தாரு. கண்ணாடியில தட்டினப்புறம்தான் அவர பாத்தேன். அவரு விழல. என்ன நல்லா திட்டிட்டுப் போனாரு. அன்னிக்கே சாவிய ஆணியில மாட்டிட்டேன்."

பணம் கைமாறியது, பெயர் மாற்றம் ஆனது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அக்கா விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார். எனக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. நானும் ஆஸ்பத்திரி வேலை தெரிந்தவள். ஒரு பக்கம் பார்வை குறைந்தவர், குழந்தைகள் துள்ளும் ஊசி அறையில் நிற்கிறார். இரண்டு மாதம் பொறுத்துவிட்டு, குழாயடியில் அவர் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில கண்ணப் பத்திச் சொல்லிட்டீங்களா அக்கா?"

"இல்ல."

அவர் அதையும் மறைக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

"ஏன் அக்கா?"

"பயமா கீது. பொண்ணுக்கு இன்னும் ஒரு பரீட்ச கீது. வேலைய வுட்டுப் போன்னு சொல்லிட்டா? யாராவது கேட்டா சொல்லிடலாம்னு கீறேன். யாரும் கேக்கல." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "தப்புன்னு தெரியும்" என்றார்.

கிளினிக்கில் எங்கள் டாக்டரிடம் சொல்லலாமா என்று ஒரு நாள் நினைத்தேன், அடுத்த நாள் வேண்டாம் என்று நினைத்தேன். காரை மாமல்லபுரத்தில் நிறுத்தும்போதெல்லாம் இடது பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அந்த நாட்களில் அக்காவை எதிரில் பார்த்தால் ஏதோ நான்தான் பொய் சொல்லிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

அவர் வேலைக்குப் போன ஒரு புதன்கிழமை மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். தடுப்பூசி நாள். மருந்துப் புட்டிகள் அடுக்கிய தட்டோடு திரும்பியிருக்கிறார். இடது பக்கத்தில் ஓர் அம்மா கைக்குழந்தையோடு நின்றது தெரியவில்லை. தோள் இடித்துத் தட்டு கீழே விழுந்து உடைந்திருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. அந்தக் குழந்தை அழக்கூட இல்லையாம்.

"அந்தம்மா எங்கிட்ட சாரின்னு சொல்லுது. 'நான்தான் சிஸ்டர் குறுக்க வந்துட்டேன்'னு சொல்லுது. எனக்கு அதுக்கு மேல நிக்க முடியல" என்றார் அக்கா. கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு நேரே டாக்டரின் அறைக்குப் போய், நான்கு மாதமாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்த நான்கு மாதத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். டாக்டருக்கு வந்த கோபம் அதனால்தான்.

மெமோ கொடுத்தார்கள். கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். கடைசியில் வேலை போகவில்லை. ஊசி அறையிலிருந்து எடுத்து ரெக்கார்டு ரூமில் போட்டார்கள். இருபத்தாறு வருஷம் நோயாளிகளைத் தொட்டு வேலை செய்தவர், அதன்பிறகு பீரோக்களுக்கு நடுவே உட்கார்ந்து பழைய கேஸ் கட்டுகளை அடுக்கினார். "எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டால், "புடிக்கல" என்பார். வேறு யாராக இருந்தாலும் "பரவாயில்ல" என்றிருப்பார்கள்.

மகளுக்குப் படிப்பு முடிந்து சென்னையில் வேலை கிடைத்தது. அக்கா இனிச் செங்கல்பட்டில் இருக்கத் தேவையில்லை. செய்யூர்ப் பக்கம் தன் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். சாமான்கள் டெம்போவில் போய்விட்டன, மகள் அதோடு முன்னால் போனாள். அக்காவை நான் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. அவ்வளவு தூரம் நான் தனியாக ஓட்டுவது அதுதான் முதல் தடவை.

மதுராந்தகம் வழியாகப் போகாமல், கடைசியாகக் கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாமல்லபுரம் போய் ஈ.சி.ஆரில் தெற்கே திரும்பினோம். அக்கா முன் சீட்டில், மடியில் ஒரு முருங்கைக் கொம்போடு உட்கார்ந்திருந்தார். அம்மா வீட்டில் நடுவதற்கு வெட்டியது. எதிரில் பஸ் வரும்போதெல்லாம் நான் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. அவருக்கு நான் வலது பக்கம், பார்வை இருக்கிற பக்கம்.

"நான் எப்படி ஓட்டுறேன் அக்கா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது.

"பிரேக்க லேட்டா போடுற. மூணாவது கியர்லயே இழுக்குற, இன்ஜின் கத்துது. பஸ்ஸப் பாத்தா மூச்சப் புடிச்சுக்குற" என்றார்.

நான் நாலாவது கியருக்கு மாற்றினேன். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்புகள் வந்தன. பாலம் ஒன்றில் வேகத்தைக் குறைத்தபோது திரும்பிப் பார்த்தேன். நான் ஓட்டுவதில் அத்தனை குறை சொன்ன அக்கா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, முருங்கைக் கொம்பு மடியிலிருந்து சரிந்து கியர் மேல் வந்து விழ இருந்தது. ஒரு கையால் அதை எடுத்துப் பின் சீட்டில் போட்டேன்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அப்போதும் அவர் விழிக்கவில்லை.